ஊஞ்சலுக்குக் கீழே புல் இல்லை

பெர்னார்ட் அட்டிங்கிடம் வாய் கொடுத்து மீண்டவர் மாதிரி ரயில் சங்கத்தில் ஒருவரும் இல்லை. விரல் நீளத் தந்திக் கம்பம் ஒன்றைப் பலகையில் நட்டால் போதும், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்துவிடுவார். "இது அன்னிக்கு இருந்துச்சா?" என்பார். அன்றைக்கு என்றால் 1961ஆம் ஆண்டு செப்டம்பர் பதினான்காம் தேதி. சங்கத்தைப் பொறுத்தவரை உலகம் அந்த ஒரு நாளோடு நின்றுவிட்டது.

மாதிரி ரயில் கட்டுகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு. ஊரைத் தேர்ந்தெடுத்தால் மட்டும் ஆகாது, நாளையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நாளுக்கு மறுநாள் வந்த கார் சாலையில் ஓடக் கூடாது, முந்தின வாரம் வெட்டிய மரம் நிற்கக் கூடாது. செப்டம்பர் பதினான்கு எதனால் என்றால், மற்ற நாளில் எட்டிப் பார்க்காத பெரிய நீராவி எஞ்சின் ஒன்று அன்று மட்டும் இவர்கள் கட்டுகிற கிளைப் பாதையில் போயிருக்கிறது. ரயிலைப் படம் பிடிப்பதற்கென்றே ஊர் ஊராகச் சைக்கிளில் அலைந்த ஒரு மனிதர் அதைத் தம் நோட்டில் குறித்து வைத்திருந்தார். அது போதாதா இவர்களுக்கு? பதினோரு கிழவர்களும் செயலாளர் மார்ஜரியும் கை தூக்கிவிட்டார்கள். கை தூக்காதவர் ரோலண்ட் பெக் ஒருவர்தான். அவர் எதற்கும் அவ்வளவாகக் கை தூக்குகிறவர் இல்லை என்பதால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

மண்ணும் மரமும் வீடும் ரோலண்டின் இலாகா. நாற்பது வருடம் வீடுகளுக்குச் சுவர் பூசியவர், எழுபது வயதில் தீப்பெட்டி அளவு வீடுகளுக்குப் பூசிக்கொண்டிருந்தார். குடித்து முடித்த தேயிலையைக் காயவைத்துச் சலித்துத் தூவினால் அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலத்துக் கரிய மண் அப்படியே வந்துவிடும். குழாய் மூட்டில் சுற்றுகிற சணலை நறுக்கி நட்டால் நாணல். புதன்கிழமை மதியங்களில், பழைய தேவாலயத்தின் பின்கூடத்தில், மார்ஜரியின் தேநீரும் உலர்திராட்சை ரொட்டியும் ஆறிப்போவதுகூடத் தெரியாமல் அவர் குனிந்திருப்பார்.

பாதையின் நடுவே கோட்டர் ரோடு கேட் வருகிறது. சாலையைக் குறுக்கே மறிக்கும் இரண்டு வெள்ளைக் கேட்டுகள், பக்கத்தில் மஞ்சள் செங்கல்லில் கேட் கீப்பரின் வீடு, பின்னால் தோட்டம், தோட்டத்துக்குப் பின்னால் வயல் தண்ணீர் வடிகிற வாய்க்கால். "அந்த வீட்டை நான் பண்றேன்" என்று ரோலண்ட் முதல் நாளே கேட்டு வாங்கிக்கொண்டார். நிஜ வீட்டை இடித்து ஐம்பது வருடம் இருக்கும். அதில்தான் பத்து வயது வரை அவர் வளர்ந்தார் என்பதைச் சங்கத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை. வேறொருவர் கை அதைக் கட்டுவதைப் பார்க்க அவருக்குத் தாங்காது. அவ்வளவுதான் காரணம்.

வீடு முடிந்தது, அவரைப் பந்தல் முடிந்தது, முட்டைக்கோஸ் பாத்தி முடிந்தது. பேரி மரத்தடியில் கறுப்பாக ஒரு சாம்பல் வட்டம் வைத்தார். அங்கேதான் பெர்னார்டின் மூக்கு வந்து நின்றது.

"இது என்னய்யா கறுப்பா?"

"சாம்பல். எதையோ எரிச்ச இடம்."

"எதை எரிச்சாங்க?"

"ஒரு ஊஞ்சலை."

"ஆதாரம்?"

"எனக்குத் தெரியும்."

"தெரியும்ங்கறதெல்லாம் ஆதாரம் ஆகுமா? எனக்குக்கூடத்தான் நான் அழகன்னு தெரியும். யாராவது ஒத்துக்கிறாங்களா?"

மார்ஜரி தேநீர்க் கோப்பைக்குள்ளேயே சிரித்துவிட்டாள். "விடுங்க பெர்னார்ட், கட்டைவிரல் அகலம் சாம்பல். அதுக்குப் போய் மல்லுக்கு நிக்கிறீங்களே."

"இன்னிக்குச் சாம்பலை விட்டா நாளைக்கு விமான நிலையம் கட்டுவான் இவன். படம் கிடைக்குதான்னு பாக்குறேன், இரு" என்று பெர்னார்ட் சட்டைப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். அவர் குறிப்பேட்டில் ஏறிய விஷயம் சும்மா போனதாகச் சரித்திரம் இல்லை.

அந்தச் சாம்பல் மட்டும்தான் அப்பாவைப் பற்றி ரோலண்டுக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம். அறுபது வருடமாக அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

1959 மே மாதம், ஒரு மாலை. அம்மா சாமான் வாங்க ஊருக்குள் போயிருந்தாள். ஐந்து வயது லினெட் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தாள். ரயில் பாதையிலிருந்து கழித்துப் போட்ட கட்டைகளை நட்டு, வண்டிச் சங்கிலி கட்டி அப்பா செய்துகொடுத்த ஊஞ்சல். எப்போது இறங்கினாள், எப்போது வாய்க்கால் பக்கம் போனாள் என்று அவரைப் பாத்தியில் இருந்த ரோலண்ட் பார்க்கவில்லை. சத்தம் கேட்டுத்தான் திரும்பினான். தண்ணீரில் அவளுடைய நீலக் கவுன் உப்பிக்கொண்டு தெரிந்தது. "அப்பா! லினெட்!" என்று கத்தினான். அதே நேரம் வீட்டுச் சுவரில் மணி அடித்தது. வண்டி கிளம்பிவிட்டது, கேட்டை மூடு என்கிற மணி.

அப்பா வாசலில் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு ஓடிப்போய் ஒரு கேட்டைத் தள்ளிச் சாத்தினார், பாதையைத் தாண்டி மறு கேட்டையும் சாத்தினார், அதன் பிறகுதான் வாய்க்காலுக்கு ஓடிவந்தார். சாலையில் ஒரு வண்டி இல்லை, ஒரு நாய்கூட இல்லை. மிஞ்சிப்போனால் அரை நிமிடம். அந்த அரை நிமிடத்தில் அவள் பிழைத்திருப்பாளா என்று யாராலும் சொல்ல முடியாது. நீந்தத் தெரியாத ரோலண்ட் அவ்வளவு நேரமும் கரையிலேயே நின்றிருந்தான். அதை அவர் பிற்பாடு அதிகம் நினைத்துப் பார்த்ததில்லை. அப்பா கேட்டை மூடியதைத்தான் நினைத்தார்.

பதினைந்து நாளில் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு கிரிம்ஸ்பியில் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பெக் என்கிற தன் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே பையனுக்கும் வைத்தாள். "நாம கிளம்பின மறுநாளே அந்த மனுஷன் ஊஞ்சலை வெட்டி எரிச்சிட்டானாம். கல்லு. அவன் மனுஷனே இல்லை, கல்லு" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். யார் வந்து அவளிடம் சொன்னார்கள் என்று கேட்க ரோலண்டுக்குத் தோன்றியதே இல்லை.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அப்பாவிடமிருந்து அட்டை வரும். 'இங்கே எல்லாம் வழக்கம்போல. பேரிக்காய் நன்றாகக் காய்த்தது.' லினெட்டைப் பற்றி ஒரு எழுத்து இருக்காது. கல் எழுதுகிற கடிதம் வேறு எப்படி இருக்கும் என்று ரோலண்ட் நினைத்தார். 1978இல் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி எழுதினாள்: உங்கள் அப்பா உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ரோலண்டுக்கு அப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பூச்சு வேலை. வேலை இருக்கிறது என்று பதில் எழுதிவிட்டு, நிஜமாகவே வேலைக்குப் போனார். அடக்கத்துக்கு மட்டும் போய்க் கதவோரம் நின்றுவிட்டு வந்தார்.

மூன்றாவது புதன்கிழமை பெர்னார்ட் ஒரு பெரிய பழுப்பு உறையோடு வந்தார். முகத்தில் தீபாவளி என்று நம் பக்கம் சொல்வோமே, அப்படி ஒரு வெளிச்சம். சைக்கிளில் அலைந்த அந்தப் படக்காரர் போய்ச் சேர்ந்து ரொம்ப நாள் ஆகிறது. அவருடைய மகளைத் தேடிப்பிடித்து, பரணில் கிடந்த தகரப் பெட்டிகளைக் குடைந்து, அதே நாள் எடுத்த சுருளில் யாரும் அச்சே போடாத ஒரு படத்தைக் கண்டுபிடித்திருந்தார்.

"ஏன் அச்சுப் போடலைன்னா, படம் சொதப்பல். கேட் கம்பம் குறுக்கே வந்து எஞ்சின் மூஞ்சியை வெட்டிடுச்சு. பாவம் அந்த மனுஷன், ஏழு மைல் சைக்கிள் மிதிச்சது வீண்" என்றபடி படத்தைப் பலகை ஓரத்தில் வைத்தார். "எஞ்சினை விடு. பின்னாடி பாரு. ரோலண்ட் பெக் அவர்களே, உங்க சாம்பல் எங்கே?"

பாதி எஞ்சின், புகை, மூடிய கேட். அதற்கு அப்பால் மஞ்சள் செங்கல் வீடு. பேரி மரத்தடியில் ஊஞ்சல் நின்றுகொண்டிருந்தது.

"ஊஞ்சல்! முழுசா, சங்கிலியோட! எரிச்சிட்டாங்களாம், இவருக்குத் தெரியுமாம்." பெர்னார்டுக்குச் சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது. "இன்னொரு கூத்தையும் பாரு. வால்ட்டர் தார்ல்பின்னு அந்தக் கேட் கீப்பர், சம்பளப் பட்டியல்ல பேர் பாத்திருக்கேன். அந்த ஆளு வேலை நேரத்துல ஊஞ்சல்ல உக்காந்திருக்கான்! அவ்வளவு பெரிய எஞ்சின் முதுகுக்குப் பின்னாடி போகுது, திரும்பிக்கூடப் பாக்கலை. ஊரே வாயைப் பொளந்து பாக்குற எஞ்சின்யா அது!"

ரோலண்ட் மேசையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். பலகையின் விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டார்.

குழந்தைக்குச் செய்த ஊஞ்சல். உட்கார்ந்தவருடைய முழங்கால்கள் நெஞ்சு வரை மடங்கியிருந்தன. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். முகம் வாய்க்கால் பக்கம். அது யார் என்று தெரிந்துகொள்ள முகம் தேவையே இல்லை.

ரோலண்டின் கண்ணாடி அந்த மனிதரைத் தாண்டி மெல்லத் தரைக்கு இறங்கியது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் கடைசியில் அவர் தரையைத்தான் பார்ப்பார். பழக்கம் அது. புல் எங்கே அடர்த்தி, எங்கே மஞ்சள், எங்கே காலடி பட்டுத் தேய்ந்தது என்று பார்த்துப் பார்த்து அதே மாதிரி தூவுவதுதானே வேலை. தோட்டம் முழுக்கப் புல் மண்டிக் கிடந்தது. ஊஞ்சலுக்குக் கீழே மட்டும் வெறும் மண். அதிலும் அகலமாக இரண்டு பள்ளங்கள், வளர்ந்த ஆளின் பூட்ஸ் குதிகால் ஊன்றி ஊன்றி விழுந்த பள்ளங்கள்.

"பெர்னார்ட், ஊஞ்சலுக்குக் கீழ புல் இல்லை" என்றார்.

"ஆமா, மண்ணு தெரியுது. புள்ளைங்க ஆடித் தேய்ச்சிருக்கும். அதுக்கென்ன?"

"அப்போ அந்த வீட்ல புள்ளைங்க இல்லை. ரெண்டு வருஷம் நாலு மாசமா இல்லை. நம்ம மண்ணைப் பத்தித்தான் தெரியுமே, ரெண்டு மாசம் கால் படலேன்னா முட்டி உசரத்துக்குப் புல் வந்துடும்."

"புள்ளைங்க இல்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்? மறுபடியும் 'எனக்குத் தெரியும்'னு சொன்னே, பாத்துக்க..."

"ஒரு புள்ள செத்துப்போச்சு. இன்னொரு புள்ள நான்."

வாழ்க்கையில் முதல் முறையாகப் பெர்னார்ட் ஆதாரம் கேட்கவில்லை.

"அது எங்க அப்பா, பெர்னார்ட். தினமும் உக்காந்திருக்காரு. ஒவ்வொரு வண்டிக்கும் கேட்டை மூடிட்டு வந்து அதுல உக்காந்து தண்ணியைப் பாத்திருக்காரு. நான் அந்த மனுஷனைக் கல்லுன்னு நினைச்சேன். சாகுறப்போ கூப்பிட்டாரு, நான் போகலை." எழுபது வயது மனிதர், பிசுபிசுவென்று பசை ஒட்டிய விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

மார்ஜரி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். பெர்னார்ட் உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "நான் ஒரு மடையன். இந்தப் படத்தைத் தேடாம விட்டிருக்கலாம்" என்றார்.

"இல்லைப்பா, நல்ல வேளை நீ விடலை" என்றார் ரோலண்ட்.

அடுத்த வாரம் சாம்பலைச் சுரண்டி எடுத்தார். தீக்குச்சிகளைச் சீவி ஊஞ்சல் கட்டையும், மார்ஜரி கொடுத்த அறுந்துபோன கழுத்துச் சங்கிலியில் ஊஞ்சல் சங்கிலியும் செய்தார். நடைமேடைக்கு விற்கிற உட்கார்ந்த பயணிப் பொம்மைகளில் ஒன்றை எடுத்து, முதுகை வெந்நீரில் இளக்கி வளைத்து, முழங்காலை மடக்கி, தொப்பியை மடிக்கு மாற்றினார். முகத்துக்கு நிறம் பூசும்போது மட்டும் இரண்டு முறை தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். கடைசியாக ஊஞ்சலுக்கு அடியில் தாமே நட்ட புல்லை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். அந்த ஒரு வேலைக்கு ஒரு மதியம் ஆனது. பெர்னார்ட் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு விளக்கைப் பிடித்திருந்தார். "இடது குதிகால் இன்னும் கொஞ்சம் ஆழம்" என்று ஒரே ஒரு முறை சொன்னார்.

புதிதாக எதை வைத்தாலும் கூட்டத்தில் கை தூக்கி ஒப்புக்கொள்ளும்வரை மெழுகுப் பசையில்தான் ஒட்ட வேண்டும் என்பது சங்கத்து வழக்கம். கூட்டம் கூடுவதற்குள் கண்காட்சி வந்துவிட்டது. ஆகவே வால்ட்டர் தார்ல்பி மெழுகிலேயே கண்காட்சிக்குப் போனார்.

சனிக்கிழமை, பள்ளிக்கூட விளையாட்டுக் கூடம், நல்ல கூட்டம். மண்ணும் மரமும்தான் என் வேலை என்று இத்தனை வருடம் எந்த நெம்புகோலையும் தொடாத ரோலண்ட் அன்று தாமே கேட்டார்: "கோட்டர் ரோடு கேட்டை இன்னிக்கு நான் பாத்துக்கிறேனே."

பெர்னார்ட் மறுமுனையில் நிலையத்தைப் பார்த்துக்கொண்டார். வண்டி கிளம்பும் முன் அவர் ஒரு பொத்தானை அழுத்துவார், ரோலண்டின் காலடியில் மணி ஒலிக்கும், ரோலண்ட் இரண்டு நெம்புகோல்களை இழுத்து இரண்டு கேட்டையும் மூட வேண்டும். காலையெல்லாம் ஒழுங்காகப் போயிற்று. ஒவ்வொரு முறை மூடியதும் ஊஞ்சலைப் பார்ப்பார். அப்பா உட்கார்ந்திருப்பார்.

மதியம் ஒரு பார்வையாளரின் முதுகுப் பை பலகையில் இடித்தது. விளக்கின் சூட்டில் மெழுகு ஏற்கெனவே இளகியிருக்க வேண்டும். ஊஞ்சலிலிருந்து அந்தச் சின்ன உருவம் கழன்று, கரையில் ஒரு முறை புரண்டு, வார்னிஷ் பூசித் தண்ணீர் போலாக்கிய வாய்க்காலில் குப்புற விழுந்தது. அதே நேரம் காலடியில் மணி அடித்தது.

கை போன இடம் ரோலண்டுக்கே தெரியாது. முதல் நெம்புகோலை இழுத்து, அந்தக் கேட் முழுதும் சாத்தும்வரை பார்த்தார். இரண்டாவதை இழுத்தார், அதுவும் சாத்தியது. பிறகுதான் வாய்க்கால் பக்கம் கையை நீட்டினார். பாதி வழியில் கை அப்படியே நின்றுவிட்டது.

அட்டையில் செய்த சாலை அது. அதில் வரப்போகிறவர் யாரும் இல்லை. கேட் திறந்தே கிடந்தாலும் பொம்மை வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. விழுந்து கிடந்தது அப்பா. அது தெரிந்தேதான் ரோலண்ட் கேட்டை மூடியிருக்கிறார். தெரிந்தது, ஆனால் மணி அடித்துவிட்டது. மூன்று மணி நேரம் கேட் பார்த்த கை இது. அப்பா பதினான்கு வருடம் பார்த்தவர்.

வண்டி கடகடவென்று கடந்து போனது. மறுமுனையிலிருந்து பெர்னார்ட் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ரோலண்ட்! ஆள் விழுந்து கிடக்கான் பாரு. எடுக்காம என்ன பண்றே?"

ரோலண்ட் தலையை நிமிர்த்தினார். கன்னமெல்லாம் நனைந்திருந்தது. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் சங்கடப்பட்டு நகர்ந்தது.

"கேட்டை மூடிட்டு இருந்தேன்" என்றார்.

பெர்னார்டுக்குப் புரிய இரண்டு நொடி பிடித்தது. புரிந்ததும் தன் முனையின் மின்சாரத்தை அணைத்தார். நடுக் கண்காட்சியில் வண்டிகள் எல்லாம் இருந்த இடத்தில் நின்றன, அவர் அதுவரை அப்படிச் செய்ததே இல்லை. பலகையைச் சுற்றி நடந்து வந்து, வலுவான பசைக் குப்பியைத் திறந்து ரோலண்டின் கையில் கொடுத்தார்.

"கூட்டம் இன்னும் கூடலையே" என்றார் ரோலண்ட்.

"நான் கை தூக்கிட்டேன். வேற எவன் கேக்குறான் பாக்குறேன்."

ரோலண்ட் வாய்க்காலிலிருந்து அப்பாவை எடுத்தார். சட்டை நுனியால் துடைத்தார். ஊஞ்சலில், முகம் தண்ணீரைப் பார்க்க, குதிகால்கள் அந்த இரண்டு பள்ளங்களில் பொருந்த உட்காரவைத்து, பசை இறுகும்வரை விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.